பெல்லட் அடுப்பு எட்டு மாசம்: தீ நல்ல தீ, ஃபேன்தான் அதன் இஷ்டத்துக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே அம்மா காலையில் இட்லிக் கடை போடுகிறார். சிலிண்டர் கட்டுப்படியாகவில்லை என்று போன தையில் இந்த அடுப்பை வாங்கினோம். பெல்லட் என்கிற, மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகளைக் கொட்டி, பற்றவைத்து, ஃபேனைப் போட்டால் தீ ஒரே சீராக நிற்கிறது, பானை அடியில் கரியும் குறைவு. அதில் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது மாசம் ஃபேன் வேலையைக் காட்டியது. பத்து நிமிடம் ஓடும், நிற்கும், அடுப்பை ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும். இந்த அடுப்பில் கீழே போகிற காற்று குச்சியை எரிக்கும், மேல் ஓட்டைகள் வழியாக வருகிற காற்று குச்சியிலிருந்து கிளம்பும் வாயுவை எரிக்கும், அதனால் ஃபேன் நின்ற அடுத்த நிமிடமே அந்த வாயு எரியாமல் வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும். "இன்னாக்கா, இன்னிக்கே போகியா?" என்று சாப்பிட வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்கள். நல்லவேளை கடை வெளியில் இருக்கிறது, மூடின சமையலறையில் இந்தப் புகை ஆபத்து.

விற்ற கடையில் ஒரே பதில், ஃபேன் போயிடுச்சு, மாத்துங்க. மாற்றினோம். ரெண்டு வாரத்தில் புது ஃபேனும் அதே கதை.

அப்புறம்தான் எப்போதோ பர்மா பஜாரில் வாங்கிப் போட்டிருந்த, வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஞாபகம் வந்தது. ஃபேன் நின்றிருக்கும்போதே அளக்க வேண்டும், அதுதான் முக்கியம். அடாப்டர் முனையில் 12 வோல்ட், ஃபேன் வயரில் பூஜ்யம். வயரில் வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால்தான் ஃபேன் மேல் பழி போடலாம். நடுவில் அடாப்டர் பின் செருகும் சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்துக் கிடக்கிறது. காசிமேட்டுக் கடல் உப்புக் காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே தின்கிறது, இது எம்மாத்திரம்! சாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வயரை நேராக சால்டரிங் செய்தேன். ரெகுலேட்டர் குமிழைத் திருப்பும்போது வேகம் தாறுமாறாக ஏறி இறங்கியது, அதையும் மாற்றினேன். எல்லாம் சேர்த்து ஒரு மீன் சாப்பாட்டு விலை ஆகவில்லை.

எங்கள் பக்கத் தப்பும் உண்டு. வேலை முடிந்ததும் அம்மா கரண்ட் மிச்சம் என்று ஃபேனை உடனே நிறுத்திவிடுவார், உள்ளே தணல் இருக்கும், அந்தச் சூடு கீழே இறங்கி ஃபேன் பேரிங்கில் இருக்கிற எண்ணெயை உலர்த்தும். இப்போது அடுப்பு ஆறும்வரை ஓட விடுகிறோம். குச்சியை மூடி போட்ட பெயிண்ட் பக்கெட்டில் வைக்கிறோம், ஈரம் பட்டால் தூளாகிக் காற்று ஓட்டையை அடைத்து, ஃபேன் வீக் ஆன மாதிரியே ஏமாற்றும்.

ஐந்துக்கு மூன்று. இறக்கையில் படிந்த சாம்பலை பிரஷ்ஷால் தட்டி 12 வோல்ட் கொடுத்ததும் பழைய ஃபேன் ஜோராகச் சுற்றியது. கடையில் போய்ச் சொன்னால், "நல்லா ஓடுதா? அப்ப குடுங்க, வாங்கிக்கிறோம்" என்கிறார்கள். கொடுக்கவில்லை.