இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு ஸ்பிட்ஸ் சரிப்படுமா?

பாமரேனியன் என்று சொல்லி நம்மூரில் விற்கிற வெள்ளை நாய்க்குட்டிகளில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான், அதற்காகக் கோபப்பட வேண்டாம், சென்னை வெயிலுக்கு இதுதான் தோது. எங்கள் வீட்டில் எல்லோரும் பக் வேண்டும் என்றார்கள், எல்லாம் 2003-இல் பக் நாயை வைத்து வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தின் உபயம். சப்பை மூக்கு என்பதால் மே மாதத்தில் அதற்கு மூச்சு இரைக்கும், ஏசி இல்லாத வீட்டில் பாவம். ஷிட்சு சாது, ஆனால் தினமும் வாராவிட்டால் முடி சிக்குப் பிடித்துவிடும். டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்பு பலவீனம், படியேறி இறங்கும் வீடென்றால் வேண்டாம்.

சரி, ஸ்பிட்ஸில் குறையே இல்லையா? குரைக்கும். காலிங் பெல், குக்கர் விசில், எதிர் வீட்டுக்காரர் சாவி போடும் சத்தம், எதையும் விடாது, மதியம் தூங்கும் பெரியவர்கள் இருந்தால் யோசியுங்கள். கறுப்பு பேன்ட்டில் வெள்ளை முடி ஒட்டாத நாளே கிடையாது. மற்றபடி புத்திசாலி, பிள்ளைகளோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், என் மதிப்பெண் 5-க்கு 4.

அப்புறம், வாங்கப் போனால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.