எஃப்/4 நியூட்டோனியனோடு மூன்று வருடம்: கண்ணாடியைவிட ஃபோகஸரைப் பாருங்கள்

வானத்தைப் படமெடுக்க 200 மி.மீ. எஃப்/4 நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி; எஃப்/4 என்றால் ஃபோக்கல் தூரம் கண்ணாடியின் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு) வாங்கி இந்த ஜனவரியோடு மூன்று வருடம் ஆகிறது. வாங்கும்போது நான் விசாரித்ததெல்லாம் கண்ணாடியைப் பற்றித்தான். எவ்வளவு பெரியது, எவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள், பூச்சு எப்படி என்று. அந்தக் கண்ணாடி இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட என்னைப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் அதைச் சுற்றியிருந்த ஸ்டீல் குழாயும், கேமராவைப் பிடித்து முன்பின் நகர்த்தும் ஃபோகஸரும்தான். இது முதலிலேயே தெரிந்திருந்தால் எனக்கு ஒரு சீசன் முழுசாக மிச்சமாகியிருக்கும், அதற்காகவே எழுதுகிறேன்.

ஏன் எஃப்/4 என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் 80 மி.மீ. எஃப்/6 ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த தொலைநோக்கி) வைத்திருந்தேன், நல்ல கருவி, இன்றும் விற்க மனசில்லை. ஆனால் நான் வேலூர்க்காரன், படமெடுக்க ஜவ்வாது மலைக்குப் போய் வருகிறேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது, டிசம்பர் வரை வானம் கையில் சிக்காது. மிஞ்சுவது ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். அதில் அமாவாசையை ஒட்டிய நாட்கள், அதிலும் லீவு கிடைக்கிற நாட்கள் என்று கழித்துப் பார்த்தால் வருடத்துக்குப் பத்து ராத்திரி தேறினாலே பெரிது. எஃப்/6-லிருந்து எஃப்/4-க்கு வந்தால், அதே கேமராவில் ஒவ்வொரு பிக்சலிலும் நெபுலாவின் வெளிச்சம் 2.25 மடங்கு வேகமாகச் சேரும். ஒன்பது மணி நேர வேலை நான்கு மணி நேரத்தில் முடிகிறது, அதாவது ஒரே ராத்திரியில். எங்கள் வானத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அதே மலையில் காவலூரில் நிற்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடியே எஃப்/3.25 தான், அங்கே பிரைம் ஃபோகஸில் (முதன்மைக் கண்ணாடி ஒளியைக் குவிக்கும் இடத்திலேயே) படமெடுக்கவும், ஓரங்கள் கெடாமல் இருக்கக் கரெக்டர் லென்ஸ் வேண்டும்.

250 மி.மீ. எஃப்/4-ம் யோசித்தேன். ஆனால் தனியாளாக இருட்டில் தூக்கி மாட்ட வேண்டிய குழாய் அது, என் மவுண்ட்டுக்கும் (குழாயைத் தாங்கி வானத்தோடு திருப்பும் கருவி) பாரம். டகாஹாஷி எப்சிலான் மாதிரி எஃப்/3.3 அஸ்ட்ரோகிராஃப் (படமெடுக்கவென்றே செய்த தொலைநோக்கி) எல்லாம் அருமையானவை, என் பட்ஜெட்டுக்கு எட்டாதவை. 200 மி.மீ. எஃப்/5-ம் உண்டு, கொலிமேஷனில் (கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக அமைப்பதில்) கொஞ்சம் இரக்கம் காட்டும். ஆனால் ஃபோக்கல் தூரம் 800-க்குப் பதில் 1000 மி.மீ., குழாய் நீளம், காற்று அதிகம் பிடிக்கும்.

கோமா என்பது ஓரத்து நட்சத்திரங்கள் வால் முளைத்ததுபோல் நீளும் குறை. அதைச் சரிசெய்யும் லென்ஸான கோமா கரெக்டர் இல்லாமல் எஃப்/4 வாங்கிப் பயனில்லை. கோமா தொந்தரவு இல்லாமல் கூர்மையாக இருக்கும் பகுதி நடுவில் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. விட்டம்தான். என் ஏபிஎஸ்-சி சென்சாரின் மூலைவிட்டமோ 28 மி.மீ. எனவே கரெக்டரின் விலையையும் குழாயின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். டெலிவியூ நிறுவனத்தின் பாராகார் கரெக்டரை எல்லோரும் புகழ்வார்கள், உண்மைதான், ஆனால் அது ஃபோக்கல் தூரத்தை 1.15 மடங்கு நீட்டுவதால் உங்கள் எஃப்/4 அங்கேயே எஃப்/4.6 ஆகிவிடும். அப்புறம், கரெக்டருக்கும் சென்சாருக்கும் நடுவில் தயாரிப்பாளர் சொன்ன தூரம் (பலவற்றில் 55 மி.மீ.) சரியாக இருக்க வேண்டும். நடுவில் ஃபில்டர் போட்டால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்க்கவும்.

இப்போது முதல் சீசனைப் பாழாக்கிய விஷயத்துக்கு வருகிறேன். படங்களில் வலது கீழ் மூலையில் நட்சத்திரங்கள் முட்டை மாதிரி நீண்டிருந்தன. கரெக்டர் தூரம்தான் தப்பு என்று நினைத்து 0.3, 0.5 மி.மீ. வளையங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் கேமரா சாய்ந்திருக்கிறது என்று அதை நிமிர்த்தினேன். இரண்டு அமாவாசை இப்படியே போனது. ஒரு நாள் பழைய ஃபைல்களைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது, மெரிடியனை (வானத்தின் வடக்கு-தெற்கு நடுக்கோடு) தாண்டி மவுண்ட் மறுபக்கம் திரும்பிய பிறகு எடுத்த படங்களில் கெட்டிருந்தது வேறு மூலை. கேமரா சாய்ந்திருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மூலைதானே கெட வேண்டும்? இடம் மாறுகிறது என்றால் ஏதோ ஒன்று பாரத்துக்கு வளைகிறது.

மறுநாள் பகலில் வீட்டு ஹாலில் வைத்து, ஃபோகஸரில் கொலிமேஷன் பார்க்கும் லேசரைச் செருகி, புள்ளியை முதன்மைக் கண்ணாடியின் நடு வளையத்துக்குள் கொண்டுவந்தேன். ஃபோகஸர் பக்கத்தில் குழாயை ஒரு கட்டைவிரலால் அழுத்தினேன். புள்ளி வளையத்தை விட்டு வெளியே போனது, விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. அந்த மெல்லிய தகட்டில்தான் கேமரா, ஃபில்டர் வீல், ஆஃப்-ஆக்ஸிஸ் கைடர் (நட்சத்திரத்தைத் துல்லியமாகப் பின்தொடர உதவும் கருவி) என்று இரண்டு கிலோவைத் தொங்கவிட்டிருந்தேன்.

தீர்வு ரொம்ப எளிமையானது. பக்கத்துப் பட்டறையில் 3 மி.மீ. அலுமினியத் தகட்டைக் குழாயின் வளைவுக்கு வளைத்து வாங்கி, ஃபோகஸருக்கு அடியில் உள்பக்கமாக வைத்து முடுக்கினேன், உள்ளே மேட் கறுப்புப் பெயின்ட். குழாய் வளையங்கள் இரண்டையும் மேல்பக்கத்தில் ஒரு கனமான பட்டையால் இணைத்தேன். முதன்மைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த தொளதொள ஸ்பிரிங்குகளை மாற்றிக் கெட்டியானதைப் போட்டேன். கூடவே வந்த, உராய்வால் நகரும் கிரேஃபோர்டு ஃபோகஸர் தலைக்கு மேல் நிமிர்த்தினால் வழுக்கியது, ஒரு வருடம் பொறுத்துவிட்டு பற்சக்கரத்தால் நகரும் ரேக்-அண்ட்-பினியன் வகைக்கு மாறினேன். இத்தனைக்கும் பிறகு நான்கு மூலையும் ஒரே மாதிரி வந்தபோது உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. நீங்கள் கடையிலோ செகண்ட் ஹேண்டிலோ பார்க்கப் போனால் அந்தக் கட்டைவிரல் சோதனையைச் செய்து பார்த்துவிட்டே வாங்குங்கள்.

கொலிமேஷனில் இரண்டு பாடம். மலிவான லேசரை அப்படியே நம்ப வேண்டாம். ஃபோகஸரில் வைத்துச் சுழற்றுங்கள், புள்ளி வட்டமடித்தால் லேசரே கோணல். அடுத்தது, எஃப்/4-ல் துணைக் கண்ணாடியின் (ஒளியை ஃபோகஸர் பக்கம் திருப்பும் சிறு கண்ணாடி) நிழல் நடுவில் இருக்கவே இருக்காது. 70 மி.மீ. துணைக் கண்ணாடி என்றால் சுமார் 4.4 மி.மீ. முதன்மைக் கண்ணாடியை நோக்கித் தள்ளித்தான் அமரும். இது தெரியாமல் அந்த நிழலை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு வாரம் திருகியவன் நான். இப்போது செஷையர் என்ற சிறு பார்வைக் குழாயில் பார்த்துச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும், ஒவ்வொரு முறை மலையேறியதும் செய்கிறேன்.

ஃபோகஸ் விஷயத்தில் மோட்டார் வைத்தே ஆக வேண்டும். எஃப்/4-ல் ஃபோகஸின் ஆழம் 0.04 மி.மீ. அளவுதான், ஒரு தலைமுடியைவிடக் குறைவு. மலையில் சாயங்காலம் 24 டிகிரி இருந்தால் விடிகாலை 15 வரை இறங்கும். அந்த ஒன்பது டிகிரிக்கு 800 மி.மீ. ஸ்டீல் 0.08 மி.மீ.க்கு மேல் சுருங்கிவிடும். அதனால் ஒன்றரை டிகிரி மாறும்போதெல்லாம் தானாக மறுபடி ஃபோகஸ் செய்யும்படி வைத்திருக்கிறேன். கார்பன் ஃபைபர் குழாய் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும், விலை அதற்கேற்ப ஏறும்.

நம் அட்சரேகைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. காவலூர்ப் பக்கம் துருவ நட்சத்திரம் பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, மரமோ மேடோ மறைத்துவிடும். மவுண்ட்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக வைக்கத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கும் போலார் ஸ்கோப்பை மறந்துவிட்டு, பிளேட் சால்விங் (படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்துக் குழாய் எங்கே பார்க்கிறது என்று கணினி கண்டுபிடிப்பது) வழியாக மூன்று இடம் பார்த்து அலைன் செய்யும் முறைக்கு வந்துவிடுங்கள். இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கவும் இடிக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு நமக்குக் கிடைப்பது தெற்கு வானம். ஏப்ரலில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து 30 டிகிரி உயரத்துக்கு வருகிறது, சென்டாரஸ் ஏ கேலக்ஸி அதற்கும் மேலே. சென்டாரஸ் ஏ-யின் தூசுப் பட்டையில் உள்ள முடிச்சுகள் இந்தக் குழாயில் மூன்றே மணி நேரத்தில் தெரிந்தன, 80 மி.மீ.யில் அதை நான் பார்த்ததே இல்லை.

குழாயின் பின்பக்கத்தை எக்ஸ்போஷர் நேரத்தில் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து வெளிச்சம் கசிந்து டார்க்கும் ஃபிளாட்டும் (படத்தின் குறைகளைத் திருத்தத் தனியாக எடுக்கும் படங்கள்) கெடும். துணைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பனிநீக்கி ஹீட்டர் ஒட்டுங்கள், ஜனவரிப் பனியில் முதலில் மங்குவது அதுதான். மழைக்காலத்தில் இரண்டு மூடியையும் போட்டு உள்ளே சிலிக்கா ஜெல் வைக்கிறேன். இரண்டாம் வருடம் பின்பக்க மூடி போட மறந்து, விசிறி ஓட்டை வழியாகக் குளவி புகுந்து முதன்மைக் கண்ணாடியைத் தாங்கும் செல்லின் ஓரத்தில் மண்கூடு கட்டிவிட்டது. கூட்டைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட்டு, கண்ணாடியை டிஸ்டில்டு வாட்டரில் கழுவித் தேய்க்காமல் காயவைத்தேன். ஓரத்தில் பூச்சு ஒரு மிளகு அளவு போயிருக்கிறது. படத்தில் எதுவும் தெரியவில்லை, அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்துவிட்டுப் புதுப்பூச்சு போடுவதைப் பற்றி முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறேன்.