மாதிரித் துண்டு வேறு, மாட்டிய ஜன்னல் வேறு

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள எங்கள் வீட்டில், உப்புக்காற்றில் ஊதிப்போன மர ஜன்னல்களை எடுத்துவிட்டுச் சென்ற ஆண்டு ஆறு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்களைப் போட்டோம். சதுர அடிக் கணக்கில் விலை பேசிய ஃபேப்ரிகேட்டர் (ஜன்னல் செய்து மாட்டுபவர்), சட்டம் செய்யும் அலுமினியப் பட்டை 1.5 மி.மீ. கனமுள்ள செக்‌ஷன் என்று சொல்லி ஒரு மாதிரித் துண்டைக் கையில் கொடுத்தார்; இரு கைகளாலும் அழுத்தியும் வளையாத அந்தத் துண்டை நம்பிப் பாதிப் பணத்தை அன்றே கொடுத்தேன். துண்டை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையன்று ஷட்டர்கள், அதாவது கண்ணாடிக் கதவுகள், ஓடும் கீழ் டிராக் தொட்டிபோல் நிரம்பி, உள்விளிம்பைத் தாண்டித் தண்ணீர் கட்டில்கால் வரை வந்தது. டிராக்கில் மழைநீர் விழுவது இயல்புதான். அது வெளியே வடிவதற்கான துளைகளை வெளிப்பக்கம் போட்டிருக்க வேண்டும். ஆறு ஜன்னல்களில் ஒன்றில்கூட அவை இல்லை. ஃபேப்ரிகேட்டரிடம் கேட்டதற்கு, "சாரல் அடித்தால் எந்த ஜன்னலிலும் தண்ணீர் வரத்தான் சார் செய்யும்" என்றார்.

பிறகு வேறொரு பணியாளரை அழைத்து ஒரு ஷட்டரைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்த்தபோது சரியாக 1 மி.மீ. காட்டியது. மேலே பூசிய வண்ணமான பவுடர் கோட்டிங்கின் கனமும் அதில் சேர்ந்திருப்பதால் உள்ளிருக்கும் உலோகம் இன்னும் மெல்லியதே. அதே வடிவத்தில் கனம் 1.5 மி.மீட்டரிலிருந்து 1 மி.மீட்டராகக் குறைந்தால் அலுமினியத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சதுர அடி விலையிலோ ஒரு ரூபாயும் குறையவில்லை. திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லப்பட்டவை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை அருகில் கொண்டுபோனதும் சட்டென்று ஒட்டிக்கொண்டது. சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டும்தான்; ஆனால் வெள்ளைச் சட்டத்தில் ஒவ்வொரு திருகின் கீழும் துருநீர் கோடாக இறங்கியிருந்தது.

ஆகவே, இந்த வேலையைக் கொடுப்பவர்கள் செக்‌ஷனின் கனம், மீட்டருக்கு எத்தனை கிராம் எடை, கண்ணாடியின் கனம், ரோலர், திருகு ஆகிய அனைத்தையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். செக்‌ஷன் வந்து இறங்கியதும், அறுப்பதற்கு முன்பே ஒரு முழு நீளத்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். எடையில் ஏமாற்றுவது கடினம். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் மூடிய ஜன்னலின் டிராக்கில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பாருங்கள். நான் முழுப் பணத்தையும் மழைக்கு முன்பே கொடுத்துவிட்டதால், துளை போட வருவதாகச் சொன்னவர் இன்றுவரை வரவில்லை.

துளைகளை நாங்களே போட்டுக்கொண்டோம். குளியலறை ஜன்னலுக்கு இப்போது வேறொருவரிடம் பேசியிருக்கிறேன். அவர் கையெழுத்திட்ட மாதிரித் துண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.