‘வட்டாரத் தகவல்’ செய்தியா, கிளப் அறிவிப்பா?

காலை எம்ஆர்டியில் கைப்பேசியைத் திறந்தால், காற்பந்து ஆட்டக்காரர் ஒருவர் கிளப் மாறுகிறார், ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. நம்பலாமா?

பெயர் சொல்லாத ஆட்கள் ஊடகங்களுக்குக் கசியவிடுவதுதான் வட்டாரத் தகவல். அதன் பலம் வேகம்தான். பலவீனம், ஒரே ஊற்று பத்தாகத் தெரிவது. முதல் தளம் “தெரிகிறது” என்று எழுதும். இரண்டாவது அதை மேற்கோள் காட்டும். மூன்றாவது “பல ஊடகங்கள் உறுதி” என்று போடும். ஒவ்வொரு செய்தியிலும் உள்ள இணைப்பைத் தட்டிப் பின்னோக்கிப் போங்கள். எல்லாம் ஒரே பதிவில் போய் நின்றால், சான்று ஒன்றே ஒன்றுதான். அதைக் கசியவிட்டவர் சம்பளத்தை ஏற்றப் பார்க்கும் முகவராகவும் இருக்கலாம்.

கிளப் அறிவிப்பு தாமதமாக வரும். பெரும்பாலும் தொகையைச் சொல்லாது. விலைக்கு அதை நம்பிப் பயனில்லை. ஆனால் ஆட்டக்காரர் சேர்ந்தாரா என்பதற்கு அதுவே சான்று. சமூக ஊடகக் கணக்கின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிய போலிகள் உண்டு. கிளப்பின் சொந்தத் தளத்திலும் பாருங்கள்.

2015 ஆகஸ்ட் 31 நினைவிருக்கிறதா? மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல்காவலர் டி கெயாவை ரியல் மட்ரிட்டுக்கு விற்க இரு கிளப்புகளும் ஒத்துக்கொண்டன. ஸ்பெயினில் ஆட்டக்காரர் மாற்றத்துக்கு நள்ளிரவுக் கெடு. இங்கே சிங்கப்பூரில் மறுநாள் காலை 6 மணி. ஆவணங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராததால் மாற்றம் கவிழ்ந்தது. வட்டாரம் சொன்னது பொய்யில்லை, ஆனாலும் நடக்கவில்லை.

வட்டாரத் தகவலில் “பேச்சு நடக்கிறது” என்பதை ஓரளவு ஏற்கலாம். “முடிந்தது” என்றால் கிளப் வாய் திறக்கும்வரை பகிராதீர்கள்.