ட்ரூபல் தளத்தில் ஏரிகளை வரைந்த கதை: ஜியோஃபீல்ட், லீஃப்லெட் நீண்டகால அனுபவம்

வலைத்தளம் கட்டும் மென்பொருளான ட்ரூபலில் வரைபடம் போட வேண்டும் என்று யார் கேட்டாலும் இன்றும் ஜியோஃபீல்ட் (இடத் தகவலைச் சேமிப்பது), லீஃப்லெட் (வரைபடத்தைத் திரையில் காட்டும் நூலகம்) இரண்டையும்தான் கைகாட்டுகிறேன். ட்ரூபல் 7 காலத்திலிருந்தே இவற்றைப் பயன்படுத்துகிறேன். தமிழ்நாட்டு ஏரி, குளங்களைப் பதிவு செய்யும் ஒரு தன்னார்வக் குழுவின் தளத்துக்காக இவற்றின் மேல் சின்னதாக ஒரு மாட்யூலும் (ட்ரூபலோடு சேர்க்கும் நிரல் தொகுப்பு) எழுதிப் பராமரித்து வருகிறேன். வரைபடம் திரையில் வருவது அரை நாள் வேலை. அதற்குப் பிறகுதான் எல்லாமே இருக்கிறது.

ஏன் கூகுள் மேப்ஸ் இல்லை என்பது முதலில் வரும் கேள்வி. 2018 ஜூலைக்கு முன்பு ஒரு நாளைக்கு 25,000 முறை வரைபடம் ஏறும்வரை இலவசம். அதன் பிறகு ஏபிஐ சாவியோடு (சேவையைப் பயன்படுத்த கூகுள் தரும் அடையாளக் குறியீடு) பில்லிங் கணக்கும் கட்டாயம். மாதம் 200 டாலர் கழிவு (2025 மார்ச்சில் அது நின்றுவிட்டது) போக, ஆயிரம் ஏற்றத்துக்கு 7 டாலர் என்றானது. எங்கள் தளத்துக்கு வரும் கூட்டத்துக்கு அந்தக் கழிவே போதுமாக இருந்தது. ஆனால் யாருடைய கார்டைக் கொடுப்பது? பதிவு செய்யப்பட்ட அமைப்புகூட இல்லாத ஒரு குழுவுக்கு அதுதான் பெரிய கேள்வி.

ஓப்பன்லேயர்ஸும் பார்த்தேன். 2006-இலேயே வந்துவிட்ட, நிஜமாகவே வலுவான வரைபட நூலகம். அரசு வரைபடங்களில் வரும் விதவிதமான வரைபட வீழல்களை (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறைகளை) கையாள வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது புள்ளி, எல்லைக்கோடு, ஒரு பாப்அப். 2011-இல் உக்ரைனின் வோலோடிமிர் அகாஃபோன்கின் வெளியிட்ட லீஃப்லெட் அதற்குப் போதும். நாற்பது கேபி சொச்சம்தான், கிராமத்து மொபைல் இணைப்பிலும் திறந்துவிடும். அதன் ஆவணங்களை ஒரே உட்காரலில் படித்து முடித்துவிடலாம்; நிரல் எழுதுபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

உண்மையில் நான் அதிகம் பாராட்டுவது ஜியோஃபீல்டைத்தான். ஒரு ஏரியின் எல்லையைக் கொடுத்தால் அதை டபிள்யூகேடி (வடிவத்தை வெறும் எழுத்தாக எழுதும் முறை) வடிவில் வைத்துக்கொள்வதோடு நிற்காது. மையப்புள்ளி, நான்கு பக்க எல்லைகள், ஜியோஹாஷ் (இடத்தைச் சுருக்கமாகக் குறிக்கும் எழுத்துக்கோவை) எல்லாவற்றையும் தனித்தனி பத்திகளாகத் (நெடுவரிசைகளாக) தரவுத்தளத்தில் எழுதிவிடும். இதன் அருமை முதல் வருடம் தெரியாது. ஏரிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு தெரியும்.

லீஃப்லெட்டை ட்ரூபலோடு இணைக்கும் லீஃப்லெட் மாட்யூல், ட்ரூபலின் பட்டியல் கருவியான வியூஸிலிருந்து வரைபடம் காட்டும்போது எல்லா வடிவங்களையும் ஜேசனாக (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) அந்தப் பக்கத்துக்குள்ளேயே கொட்டிவிடும். நூறு புள்ளிகளுக்கு அது அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு பெரிய ஏரியின் எல்லைக்கோட்டிலேயே நூற்றுக்கணக்கான முனைகள் இருக்கும். மாவட்டம் முழுவதையும் காட்டினால் வரைபடம் தெரிவதற்கு முன்பே பக்கம் பல எம்பி ஆகிவிடும். நெருக்கமான புள்ளிகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் மார்க்கர் கிளஸ்டர் போட்டுவிடு என்பார்கள். கிளஸ்டர் திரை நெரிசலைத்தான் தீர்க்கும், தரவு என்னவோ அப்படியே வந்துகொண்டுதான் இருக்கும்.

எங்கள் மாட்யூலின் முக்கிய வேலையே இதைச் சரிசெய்வதுதான். வரைபடத்தை நகர்த்தி விட்டதும், திரையில் தெரியும் பெட்டியின் நான்கு எல்லைகளை மட்டும் சர்வருக்கு அனுப்புகிறோம். சர்வர் ஜியோஃபீல்ட் ஏற்கனவே எழுதி வைத்த எல்லைப் பத்திகளோடு ஒப்பிட்டு, அந்தப் பெட்டியைத் தொடும் ஏரிகளை மட்டும் ஜியோஜேசனாக (இட வடிவங்களுக்கான ஜேசன்) தருகிறது. இடத் தரவுக்கென்றே உள்ள போஸ்ட்ஜிஐஎஸ் வேண்டாம், சாதாரண மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் நான்கு ஒப்பீடுகளும் போதும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பயனர் நகர்த்தும் ஒவ்வொரு பெட்டியும் தசமத்தில் கொஞ்சம் மாறுவதால் கேஷ் (முன்பு தந்த பதிலைச் சேமித்து வைப்பது) எதற்கும் உதவாது. பெட்டியை ஜூம் 12-இன் டைல் (வரைபடத்தின் சதுரத் துண்டு) எல்லைகளுக்குத் தள்ளிச் சீராக்கினோம். நம் ஊர்ப் பக்கம் அந்த ஜூமில் ஒரு டைல் ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டர் அகலம். இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் யார் பார்த்தாலும் அதே சில கோரிக்கைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேஷே பதில் சொல்லிவிடுகிறது.

அப்புறம், அட்சரேகை தீர்க்கரேகை வரிசை. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். டபிள்யூகேடியும் ஜியோஜேசனும் தீர்க்கரேகையை முதலில் எழுதும். தன்னார்வலர்கள் எக்செல்லில் எப்படி வேண்டுமானாலும் எழுதுவார்கள். சென்னை 13.08, 80.27. இதைத் திருப்பிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் ஒரு குளம் முளைக்கும். நல்லவேளை, தமிழ்நாட்டின் அட்சரேகை 8-இலிருந்து 13.6-க்குள் அடங்கும், தீர்க்கரேகை 76-இலிருந்து 80.4-க்குள். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பவே முடியாது. இறக்குமதியின்போது முதல் எண் 70-க்கு மேல் இருந்தால் இது தீர்க்கரேகை என்று முடிவு செய்து மாற்றிக்கொள்கிற பத்து வரி நிரல், மொத்த மாட்யூலிலும் அதிக நேரம் மிச்சப்படுத்திய பகுதி. நைஜீரியாவுக்கோ கேமரூனுக்கோ வரைபடம் போடுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, பாவம்.

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. டேப்புக்குள் ஒளிந்திருக்கும் வரைபடம் திறக்கும்போது பாதி சாம்பல் நிறமாக வரும். டேப் திறந்ததும் இன்வேலிடேட்சைஸ் என்ற செயற்கூற்றைக் கூப்பிட்டால் சரியாகிவிடும். முழுப் பக்கத்தையும் ஏற்றாமல் முடிவை மாற்றும் அஜாக்ஸ் வடிகட்டி போட்ட பக்கங்களில் ட்ரூபல் பிஹேவியர் (பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) மறுபடி மறுபடி ஓடும். ஒரே முறை ஓட வைக்கும் ஒன்ஸ் போடாவிட்டால், வரைபடம் ஏற்கனவே இருக்கிறது என்று கன்சோலில் பிழை விழும்.

டைல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவு எல்லோருக்கும் சொந்தம். அதன் டைல் சர்வர் அப்படியல்ல. நன்கொடையில் ஓடுவது, உத்தரவாதம் எதுவும் இல்லை. உரிமைக் குறிப்பு திரையில் தெரிய வேண்டும், டைல்களை மொத்தமாக இறக்கக் கூடாது, ரெஃபரர் தகவலை (கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதை) மறைக்கக் கூடாது. பாதுகாப்புக்காக என்று ரெஃபரரை முழுதாக அடைத்து வைக்கும் தளங்கள், டைல் ஏன் வரவில்லை என்று மாட்யூலைத் தோண்டிக்கொண்டிருக்கும். மற்ற இலவச டைல்களும் நிலையானவை அல்ல. மேப்க்வெஸ்ட் 2016 ஜூலையில் நேரடி டைல்களை நிறுத்தியது. ஸ்டேமென் நிறுவனத்தின் டைல்கள் 2023 அக்டோபரோடு ஸ்டேடியா நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்தன. எனவே டைல் முகவரியை நிரலில் எழுதாமல் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பெட்டியாக வையுங்கள். நிரல் தெரியாத ஒருவர்கூட மாற்றிக்கொள்ளலாம்.

படமாக இல்லாமல் தரவாக வந்து உலாவியிலேயே வரையப்படும் வெக்டர் டைலுக்கு மாறலாமே என்று ஒரு கட்டத்தில் மேப்லிப்ரே நூலகத்தை முயன்றேன். வேகமும் சுழற்சியும் ஜோர். ஆனால் நான் முயன்றபோது தமிழ் எழுத்துகளை அது ஒவ்வொரு குறியீடாகத் தனித்தனியே வரைந்தது. பெரிய ஏரி என்று எழுதினால் பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஏரிகளின் பெயரே சரியாக வராத வரைபடத்தை வைத்து என்ன செய்வது? லீஃப்லெட்டில் இந்தத் தலைவலி கிடையாது. படமாக வரும் டைலில் எழுத்தை சர்வரே சரியாகக் கோத்துத் தருகிறது, பாப்அப்பில் உலாவி பார்த்துக்கொள்கிறது. அன்றே திரும்பி வந்துவிட்டேன்.

நாட்டு எல்லை விவகாரமும் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் களத்தில் உள்ள கட்டுப்பாட்டுக்கோட்டை வரைகிறது. இந்திய அரசு வரைபடத்தில் காஷ்மீர் முழுதாக இருக்கும். இந்தியாவில் இது சட்டம் சார்ந்த விஷயம். எங்களுக்குத் தேவை தமிழ்நாடு மட்டும் என்பதால், நகர்த்தும் எல்லையையும் குறைந்தபட்ச ஜூமையும் மாட்யூலிலேயே பூட்டிவிட்டோம். திரையில் வடக்கு எல்லை வரவே வராது.

பதிப்பு மாற்றங்கள் பற்றி: ட்ரூபல் 7-இல் லீஃப்லெட் நூலகத்தை நாமே இறக்கி லைப்ரரீஸ் கோப்புறையில் வைக்க வேண்டும். 8-க்குப் போனபோது எங்கள் மாட்யூலைக் கிட்டத்தட்ட புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. ஆனால் தரவு அலுங்காமல் நகர்ந்தது. புள்ளியும் எல்லைக்கோடும் எந்த நிறுவனத்தின் வடிவத்திலும் சிக்காமல் வெறும் எழுத்தாக இருந்ததே காரணம். 8-இலிருந்து 9, 10 என்று போனது அவ்வளவு சிரமமில்லை. ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே வரைபடம் ஓட்டுபவர்கள் முதலில் தரவை ஜியோஜேசனாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லீஃப்லெட் 2.0 வருகிறது. 2025-இல் அதன் ஆல்ஃபா (ஆரம்பச் சோதனைப் பதிப்பு) வெளியானது. பழைய உலாவிகளுக்கான சுமையை இறக்கி, நிரலை நவீன ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களாக மாற்றியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எல்லோரும் நம்பியிருந்த L என்ற அந்த ஒற்றை எழுத்துப் பொதுப்பெயர் அதில் இயல்பாகக் கிடைக்காது. மார்க்கர் கிளஸ்டர் மாதிரியான பிளக்இன்கள் மாறி வரும்வரை எங்கள் தளம் 1.9-இலேயே இருக்கும். சோதனைக்கு மட்டும் ஒரு கிளை போட்டு வைத்திருக்கிறேன், அதில் இப்போதைக்கு ஏரிகள் தெரிகின்றன, கிளஸ்டர் இல்லை.