மினி பிசிக்கும் டிவிக்கும் இடையே: லிமிடெட்டா, ஃபுல்லா?

ரிச்சி தெருவில் வாங்கி வந்த மினி பிசியைக் கூடத்து டிவியுடன் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, அக்காவின் கல்யாண வீடியோவைப் போட்டபோது, அவருடைய கருங்கூந்தல் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தது. டிவியில் பிரைட்னஸைக் குறைத்துச் சரிசெய்யப் பார்ப்பது வீண்வேலை. பிசி அனுப்பிய அளவு ஒன்று, டிவி எடுத்துக்கொண்ட அளவு வேறொன்று.

8 பிட் படத்தில் (ஒளியின் அளவை 0 முதல் 255 வரையான எண்களால் குறிக்கும் படம்), கணினிக்கு 0 கறுப்பு, 255 வெள்ளை, இது ஃபுல். வீடியோவுக்கோ 16 கறுப்பு, 235 வெள்ளை; டிஜிட்டல் தொலைக்காட்சிக்கான 1982-இன் சர்வதேசத் தரமான 601-ஆம் பரிந்துரையிலிருந்து தொடரும் இந்த வழக்கமே லிமிடெட். பிசி லிமிடெட்டாக அனுப்பி டிவி ஃபுல்லாகப் படித்தால் படம் வெளிறும். மாறாக நடந்தால், 16-க்குக் கீழுள்ள நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும், வேட்டி மடிப்புகளும் வெண்மையில் கரைந்துபோகும்.

இரு முனையையும் ‘ஆட்டோ’வில் விடுவது எளிதென்றாலும் நான் அதை நம்புவதில்லை. இன்டெல் கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் டிரைவர், ஆட்டோவில் எச்டிஎம்ஐ வழியே 1080பி அனுப்பும்போது எதிரே இருப்பது கணினி மானிட்டர் என்றாலும் லிமிடெட்டையே தேர்ந்தெடுக்கிறது. மானிட்டருக்கு, டிரைவரின் ‘பிராட்காஸ்ட் ஆர்ஜிபி’ என்ற அமைப்பை ஃபுல்லாக மாற்றினால் போதும்; வேறு யோசனை தேவையில்லை.

டிவியில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. டிரைவரையும் டிவியையும் லிமிடெட்டில் வைத்தால் டெஸ்க்டாப், பிரௌசர், படம் எல்லாமே சரியான கறுப்புடன் வரும். ஆனால் ‘கோடி’ (Kodi) போன்ற வீடியோ பிளேயர் 16–235 அளவை முதலில் 0–255-க்கு விரித்து, டிரைவர் அதை மீண்டும் சுருக்குவதால், இரண்டு முறை எண்கள் முழு எண்ணாகத் திருத்தப்பட்டு, மெரினாவின் விடியல் வானம் போன்ற மென்மையான நிறமாற்றத்தில் பட்டைகள் தெரியக்கூடும்.

இதற்கு மாற்றாக, கோடியில் லிமிடெட் வண்ண அளவைத் தேர்ந்து, டிரைவரை ஃபுல்லில் விட்டு, டிவியைக் கையால் லிமிடெட்டுக்கு மாற்றலாம் (சாம்சங் டிவிகளில் ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்’, அதில் ‘லோ’). இந்த அமைப்பில் 16 முதல் 235 வரையான அளவு இடையில் விரிந்து சுருங்காமல் திரைக்குப் போகிறது. ஆனால் 0–255 அளவில் அனுப்பும் பிரௌசரைத் திறந்தால் நிழல்கள் ஒரே கறுப்பாக அடைபட்டுப்போகும். படம் பார்ப்பதற்கு மட்டுமே என்றால் இதுவே சிறந்தது என்பது என் முடிவு. பிள்ளைகள் அதே திரையில் பாடமும் படிப்பார்கள் என்றால், இரு முனையையும் ஃபுல்லில் வைப்பதே மேல். அப்போது பிளேயர் ஒரு முறை விரிப்பதோடு சரி.

எதைத் தேர்ந்தாலும், பகல் வெயில் கூடத்தில் அடிக்கும்போது சோதிக்கக் கூடாது. இரவில் விளக்கை அணைத்து, கறுப்புப் பட்டைகள் கொண்ட சோதனை வீடியோவைப் போட்டு, 16 என்ற அளவுள்ள பட்டை பின்னணியோடு கலந்து, 18 என்ற அளவுள்ள பட்டை மங்கலாகப் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படி அமைத்த பிறகு, அக்காவின் பின்னலில் மல்லிகைச் சரத்துக்கு அடியே ஓடும் கூந்தல் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றன.