ஏ.ஏ. கூட்டமா, மருத்துவமனைக் குழுவா, ஜூமா: எதில் போய் உட்காரலாம்?

குடிநோய்க்குச் சிகிச்சை முடித்து அனுப்பும்போது "ஏதாவது ஒரு குழுவுக்கு விடாம போங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். சென்னை மாதிரி ஊரில் எந்தக் குழு என்பதுதான் கேள்வி. பேட்டைகளில் நடக்கும் ஏ.ஏ., அதாவது குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் இருக்கிறது, சிகிச்சை எடுத்த இடத்திலேயே நடக்கும் ஃபாலோ-அப் குழு இருக்கிறது, வீட்டிலிருந்தே ஜூமில் சேரும் கூட்டமும் இருக்கிறது. மூன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு நான் நிலைத்தது வீட்டுப் பக்கத்து ஏ.ஏ. சாயங்காலக் கூட்டத்தில். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு பெரிய விஷயமே இல்லை. ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டாக்டரும் சேர்ந்து தொடங்கியது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், உறுப்பினராக வேறு தகுதி வேண்டாம்.

மருத்துவமனைக் குழுவின் பலம் தெரிந்ததுதான்: டாக்டரும் கவுன்சிலரும் பக்கத்தில் இருப்பார்கள். டைசல்ஃபிரம் மாதிரி, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள், தூக்கமே வராதவர்கள், மனச்சோர்வும் சேர்ந்து இருப்பவர்கள் இதை விடவே கூடாது. தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அவர் எந்தக் கூட்டத்துக்கும் முன்னால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நான் போன குழு வேலை நாளில், பகல் நேரத்தில் நடந்தது. லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் மாதம் போகலாம், அப்புறம்?

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த நேரம்தான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. இதில் என்னைப் போல வேலைக்குப் போகிறவருக்கு ஆபத்தான நேரம் வேலை முடிந்து வீடு போய்ச் சேரும் வரைக்கும் உள்ள அந்த இரண்டு மணி நேரம், அதுவும் சம்பள நாளென்றால் கேட்கவே வேண்டாம். பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலும் வரும்போது ஜாக்கிரதையாக இரு என்று ஏ.ஏ.வில் சொல்வார்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு நாலும் ஒன்றாகவே வந்து நிற்கும். காலை பதினொரு மணிக்கு எவ்வளவு நல்ல கூட்டம் நடந்தாலும் அது ஏழு மணிக்குக் கைகொடுக்காது. ஏழு மணிக்கே ஒரு கூட்டம் இருந்தால் குடிக்கிற நேரத்தில் நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், கையில் டீ இருக்கிறது, வெளியே வரும்போது எட்டரை ஆகிவிடுகிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டும் என்பதால் யார் என்ன சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கூட்டம் முடிந்து நான் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு டாஸ்மாக் கடை இருக்கிறது. ஆரம்ப நாட்களில் அதைத் தாண்டும் வரை, கூட்டத்துக்கு வரும் ஒரு பெரியவர் "வாங்க தம்பி, நானும் அந்தப் பக்கம்தான்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வருவார். அவர் வீடு நேர் எதிர்த் திசையில் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜூமில் இது கிடைக்காது.

அதற்காக ஜூமைக் குறைத்துச் சொல்லவில்லை. வெளியூர்ப் பயணத்திலும், தூக்கம் வராத ராத்திரியிலும் அதுதான் உதவி. பெண்களுக்கு அது இன்னும் முக்கியமாக இருக்கலாம், ஆண்களே நிறைந்த அறைக்குள் ஒரு பெண் தனியாக நுழைவது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் வெளியிலிருந்துதான் ஊகிக்க முடியும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவார், அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் சொல்கிறார்கள், ஆனாலும் அது ஒட்டாதவர்கள் உண்டு. அவர்களுக்கு ஸ்மார்ட் ரெகவரி என்று எண்ணங்களையும் பழக்கங்களையும் பயிற்சியால் மாற்றும் முறை ஒன்று இருக்கிறது. அதை நான் ஆன்லைனில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததோடு சரி, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஏ.ஏ. பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அடியோடு குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வோடு சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளைவிடப் பெரும்பாலும் நன்றாகவே செய்தன என்று சொன்னது.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தூரத்துக் கூட்டமாகத் தேடுகிறவர்கள் உண்டு. நான் பக்கத்தில் இருப்பதையே சொல்வேன், மழை பெய்தாலும் நடந்து போய்விடலாம். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏ.ஏ.வையே விட்டுவிடாமல் வேறு குழுவைப் பாருங்கள், ஒவ்வொன்றின் சுபாவமும் வேறு. போகும் முன் போன் செய்து தமிழில் பேசுகிறார்களா, எத்தனை மணிக்கு, குடும்பத்தாரும் வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'க்ளோஸ்டு' கூட்டம் என்றால் குடியை விட விரும்புகிறவருக்கு மட்டும்தான், மனைவியோ அண்ணனோ கூட வருவதாக இருந்தால் 'ஓப்பன்' கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் தனியாக உண்டு. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் 14446, மத்திய அரசின் இலவச உதவி எண்.